பழைய கொலுசுக்குப் புது மெருகு: ‘ரீமாஸ்டர்’ என்றால் உண்மையில் என்ன?

ஏற்காட்டில் படிக்கும் அக்கா மகன் சனி, ஞாயிறு லீவுக்கு மலையிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சேலம் அஸ்தம்பட்டி வீட்டின் மாடி அறையில் நான் நிக் டிரேக் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் கேட்டான்: “ரீமாஸ்டர்னு போட்டிருக்கே மாமா, இதை மறுபடியும் பாடிக் கொடுத்தாரா?”

“அவர் 1974-லேயே இறந்துட்டாருப்பா.”

“அப்போ கம்ப்யூட்டர் பாடுதா?”

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தச் சொல்லை நாம் எல்லோருமே ஒரு குத்துமதிப்பாகத்தான் பயன்படுத்துகிறோம். பாஸ் என்கிற கனத்த ஒலி தூக்கலாக இருந்தால் ரீமாஸ்டர் என்பார் ஒருவர். எல்லா ஒலியும் ஒரே கோடாக இருக்கும் பழைய மோனோ பாட்டை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துவிட்டால் ரீமாஸ்டர் என்பார் இன்னொருவர். யூடியூபில் எதிரொலி சேர்த்துப் போடுகிறவர்களும் தலைப்பில் அதையே எழுதுகிறார்கள். 2012-ல் ‘கர்ணன்’ படம் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, சேலத்தில் டீக்கடை வரைக்கும் இந்தச் சொல் வந்து சேர்ந்தது. பொருள்தான் கூடவே வரவில்லை. எனக்குப் பிடித்த ஒரு பாடகரின் ஆல்பங்களைக் கேசட்டிலும் பிறகு ரீமாஸ்டர் சிடியிலும் பல வருஷம் கேட்டவன் என்ற முறையில், அன்று அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாடகரைப் பற்றி. நிக் டிரேக் ஆங்கிலேயர். பிறந்தது 1948-ல், தமிழர்கள் கப்பலேறிப் பிழைக்கப் போன அதே ரங்கூனில். வளர்ந்தது இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில். கித்தார் கம்பிகளைத் தனக்கென ஒரு விதமாகச் சுருதி சேர்த்து, விரலால் மீட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெல்லிய குரலில் பாடுவார். ஃபோக் என்று அங்கே சொல்லும் நாட்டுப்புறச் சாயலில் அவர் வெளியிட்டவை மூன்றே ஆல்பங்கள்: 1969-ல் ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’, 1971-ல் ‘பிரைட்டர் லேட்டர்’, 1972-ல் ‘பிங்க் மூன்’. இருந்த காலத்தில் யாரும் பெரிதாக வாங்கவில்லை. 26 வயதில் போய்விட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1999-ல், ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் அவர் பாட்டு ஒலித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2000-ல் மூன்று ஆல்பங்களும் ரீமாஸ்டர் செய்யப்பட்டு வந்தன.

எனக்கு அவர் அறிமுகமானது தொண்ணூறுகளில், காலேஜ் ஹாஸ்டலில். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து படிக்க வந்த நண்பன் ஒருவன் வைத்திருந்த கேசட்டைப் பதிவு செய்து வாங்கினேன். அந்தக் கேசட்டும் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்ததுதான். பாட்டுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று மழை பெய்துகொண்டே இருக்கும். அந்த மழையும் பாட்டில் சேர்ந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கொலுசில் இருந்து ஆரம்பிப்போம்

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கக் கொலுசைவிட நல்ல உதாரணம் கிடையாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் ஒரு கொலுசு எப்படி உருவாகிறது என்று பார்த்திருப்பீர்கள். கண்ணிகள் தனி, பூ வேலை தனி, சலங்கை தனி, திருகு தனி. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தயாராகும். அப்புறம் ஒரு கை அவற்றை வரிசையாக வைத்துப் பற்றவைத்து ஒரே சரமாக்கும். கடைசியாக இன்னொரு கை மெருகு போட்டு, பளபளப்பும் வழவழப்பும் கொடுத்துக் கடைக்கு அனுப்பும்.

பாட்டும் இதே வழியில்தான் வருகிறது. குரலுக்கு ஒரு மைக், கித்தாருக்கு ஒரு மைக், வயலின்களுக்குச் சில மைக்குகள். அகலமான டேப் ஒன்றில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாகப் பதிவாகும். அந்தக் கோட்டுக்கு ‘டிராக்’ என்று பெயர். கண்ணியும் சலங்கையும் தனித்தனியாக இருக்கும் கட்டம் இது.

பிறகு எந்த டிராக் எவ்வளவு உரக்க, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இடது, வலது என இரண்டே கோடுகளுக்குள் கலக்கிறார்கள். இதுதான் ‘மிக்ஸிங்’, பற்றவைக்கும் வேலை. அந்த இரண்டு கோட்டுப் பதிவு இருக்கும் மூல டேப்பே ‘மாஸ்டர் டேப்’.

கடைசி வேலை ‘மாஸ்டரிங்’. கலந்து முடித்த பாட்டை இசைத்தட்டு, கேசட், சிடி என்று எதில் விற்கப்போகிறோமோ அதற்குப் பொருந்தும்படி பதப்படுத்துவது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் ஒலி அளவு ஏறுக்குமாறாக இல்லாமல் பார்ப்பது, நடுவில் எத்தனை நொடி அமைதி என்று தீர்மானிப்பது எல்லாம் இதில் அடக்கம். மெருகு போடுகிற கையின் வேலை.

இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும், அதே மாஸ்டர் டேப்பை எடுத்து, பல வருஷம் கழித்து இன்னொரு தடவை செய்வதுதான் ரீமாஸ்டர். பாட்டியின் கொலுசைப் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்துத் தேய்த்து, பட்டறையில் மெருகு போட்டு வாங்குவது மாதிரி. கொலுசு அதேதான், ஒரு கண்ணிகூட மாறவில்லை.

கொலுசைப் பிரித்துக் கண்ணிகளை வேறு வரிசையில் கோத்தால் அது ‘ரீமிக்ஸ்’. உருக்கிப் புதுக் கொலுசு செய்தால் அது மறுபதிவு, அதாவது பாட்டை முழுக்கத் திரும்பப் பாடி எடுப்பது.

சுருக்கமாக: தனித்தனி டிராக்குகள், அவற்றைக் கலந்த மாஸ்டர் டேப், அதற்கு மேல் போட்ட மெருகு. ரீமாஸ்டர் தொடுவது மூன்றாவதை மட்டும். குரலை மட்டும் தனியாகத் தூக்கவோ வயலினை மட்டும் குறைக்கவோ ரீமாஸ்டர் செய்பவர் கையில் வழி கிடையாது. எல்லாம் ஏற்கெனவே பற்றவைத்தாகிவிட்டது.

ஒரே பாடகர், நாலு விதமான வேலை

நிக் டிரேக் விஷயத்தில் இந்த வேறுபாடுகளை எல்லாம் ஒரே அலமாரியில் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

2000-ல் வந்த மூன்று சிடிகள் ரீமாஸ்டர். அந்த ஆல்பங்களை அன்றைக்கு லண்டனில் பதிவு செய்தவர் ஜான் வுட் என்ற ஒலிப்பதிவாளர். அவர் செய்த மிக்ஸ் அப்படியே இருக்கிறது. மெருகு மட்டும் புதிது.

2004-ல் ‘மேட் டு லவ் மேஜிக்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. அதில் சில பாட்டுகள் ரீமிக்ஸ் செய்யப்பட்டவை. இன்னும் ஒரு படி மேலே போய், டிரேக்கின் பழைய குரலையும் கித்தாரையும் வைத்துக்கொண்டு, அவருடைய கல்லூரி நண்பர் ராபர்ட் கிர்பி முன்பு எழுதிவைத்திருந்த வயலின் இசையைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். இதை ரீமாஸ்டர் என்று சொன்னால் தப்பு. பழைய கொலுசில் புதுச் சலங்கை சேர்த்த கதை அது. நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எனக்குப் பிடித்திருக்கிறது, பிடிக்காதவர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது.

2007-ல் வந்த ‘ஃபேமிலி ட்ரீ’ முற்றிலும் வேறு வகை. ஆல்பம் போடுவதற்கு முன்னால் டிரேக் பாடிய வீட்டுப் பதிவுகள்தான் அதில் பெரும்பாலும். அவருடைய அம்மா மோலி டிரேக் பியானோ வாசித்துப் பாடியவையும் உண்டு. வீட்டு டேப்பில் இரைச்சலும் தடுமாற்றமும் சகஜம். அவற்றை முடிந்த மட்டும் சரிசெய்யும் வேலைக்கு ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயர், தமிழில் மீட்டெடுத்தல் எனலாம். நசுங்கிப்போன கொலுசை நிமிர்த்துகிற வேலை. ரீமாஸ்டருக்குள்ளும் கொஞ்சம் மீட்டெடுத்தல் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

எல்லாம் எந்த டேப் என்பதில் இருக்கிறது

வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கிறோம். அந்த ஜெராக்ஸை வைத்து இன்னொரு ஜெராக்ஸ், அதை வைத்து இன்னொன்று. நாலாவது காப்பியில் முத்திரை வெறும் கறுப்பு வட்டமாக ஆகிவிடும். டேப்பும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை காப்பி எடுக்கும்போதும் புதிதாக ஒரு படலம் இரைச்சல் சேரும், நுணுக்கமான ஒலிகள் கொஞ்சம் மங்கும்.

இரைச்சல் ஏன் வருகிறது? டேப்பின் மேல் பூசியிருப்பது காந்தத் துகள்கள். ஒலி அலைக்கேற்ப அந்தத் துகள்கள் காந்தமாவதுதான் பதிவு. துகள்கள் தனித்தனியானவை என்பதால், பாட்டே இல்லாத இடத்திலும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் இருக்கும். இதை ‘ஹிஸ்’ என்பார்கள். ஸ்டுடியோவில் டேப் பெரும்பாலும் நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடும். நம் வீட்டுக் கேசட் ஓடுவது நொடிக்கு 4.76 செ.மீ. மட்டும், அகலமும் குறைவு. ஒரு நொடிப் பாட்டை எழுத ஸ்டுடியோவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடம் என்றால், கேசட்டில் கிடைப்பது கட்டைவிரல் நீளம். அதனால்தான் என் ஹாஸ்டல் கேசட்டில் அவ்வளவு மழை.

ஆகவே ரீமாஸ்டர் செய்பவருடைய முதல் வேலை ஒலி சம்பந்தப்பட்டதே இல்லை. கிட்டங்கியில் தேடுவது. முதல் மாஸ்டர் டேப் எங்கே? கையில் இருப்பது மூலமா, வெளிநாட்டுக்கு அனுப்ப எடுத்த காப்பியா? பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது? இந்தத் தேடலில் கிடைப்பதைப் பொறுத்துத்தான் மிச்சமெல்லாம்.

மூலம் இல்லாமலே போவதும் உண்டு. 2008 ஜூன் 1-ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் இசை மாஸ்டர் டேப்புகளும் எரிந்தன. அந்த இழப்பு 2019-ல்தான் பரவலாக வெளியே தெரிந்தது. நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். ஏற்காடு ரோட்டில் டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். வளைவுக்கு வெள்ளையடிக்கலாம், விரிசலைப் பூசலாம். உள்ளே இருந்த படப்பிடிப்புத் தளம் அதனால் திரும்பி வராது. மூன்றாவது காப்பி டேப் மட்டும் கையில் இருக்கும்போது நடக்கிற ரீமாஸ்டரும் வளைவுக்கு வெள்ளையடிப்பதுதான்.

சரி, முதலில் செய்த மெருகே போதாதா?

போதாமல் போனதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 1969-ல் போட்ட மெருகு எல்பி இசைத்தட்டுக்காகப் போட்டது. இசைத்தட்டில் ஒலி என்பது ஒரு பள்ளத்தின் நெளிவு. கனமான பாஸ் ஒலி பெரிய நெளிவைக் கேட்கும். அதை அப்படியே வெட்டினால் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும், ஊசி துள்ளும், ஒரு பக்கத்தில் இருபது சொச்சம் நிமிஷம் அடங்காது. ஆகவே தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து வெட்டி, கேட்கும்போது கருவி அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளும் என்று 1950-களிலேயே ஒரு பொது ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதற்கு மேலும் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித் தனிச் சமாதானங்கள் இருந்தன. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் குறையும். அங்கே கூர்மையான ஒலிகள் மங்கும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1982-ல் சிடி விற்பனைக்கு வந்ததும், இசைத்தட்டுக்கென்று இப்படி வளைத்து வைத்திருந்த டேப்புகளையே எடுத்துப் பல ஆல்பங்களை அவசரமாகச் சிடியில் போட்டார்கள். சிடிக்கு ஊசியும் இல்லை, பள்ளமும் இல்லை. தேவையில்லாத சமாதானங்களோடு வந்த அந்தச் சிடிகள் சில மெலிந்தும் சில்லிட்டும் ஒலித்தன. ‘சிடி என்றாலே உயிர் இல்லை’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். மூல டேப்புக்குத் திரும்பிப் போய், இசைத்தட்டுக்காகச் செய்த வளைவுகளைத் தவிர்த்து, புதிதாக மெருகு போடுவது நியாயமான தேவையாக இருந்தது. ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ ஆல்பத்தில் டேனி தாம்சன் வாசித்த டபுள் பாஸ் என்ற ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியம் இருக்கிறது. கேசட்டில் அதை ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்டிருந்தேன். ரீமாஸ்டர் சிடியில்தான் அந்த வாத்தியம் மரத்தால் ஆனது என்று காதுக்குப் புரிந்தது.

டேப்பிலிருந்து கணினிக்கு

பழைய டேப்பை எடுத்ததும் ஓட்டிவிட முடியாது. எழுபது, எண்பதுகளின் சில வகை டேப்புகளில் துகள்களை ஒட்டவைத்த பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், பாட்டு போனது போனதுதான். அதற்கு வைத்தியம், டேப்பைச் சுமார் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடுபடுத்துவது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் உலகெங்கும் ஆவணக் காப்பகங்கள் செய்வது இதுதான். உங்கள் வீட்டுக் கேசட்டை வெயிலில் வைத்துவிடாதீர்கள். கேசட்டுக்கு இந்த நோயும் அரிது, இந்த மருந்தும் ஆகாது. ஏற்காடு மாதிரி ஈரமான ஊரில் கேசட்டுக்கு உண்மையான எதிரி பூஞ்சை. என் நண்பனுடைய தோட்டத்து வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டிக் கேசட்டுகள் வெள்ளைப் பூத்துப் போனதை நானே பார்த்தேன். அவற்றில் அவன் தாத்தா பேசிய ஒன்றும் இருந்தது.

டேப் ஓடத் தயாரானதும், அதைப் படிக்கும் தலைப்பகுதியை முடியிழை அளவு சாய்வு மாறாமல் பொருத்துவார்கள். கொஞ்சம் கோணினாலும் கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். வேகமும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுருதியே மாறிவிடும். அமெரிக்க ஃபோக் பாடகர் வுடி கத்ரி 1949-ல் நியூ ஜெர்சியில் பாடிய ஒரு நிகழ்ச்சியை ஒருவர் மெல்லிய எஃகுக் கம்பியில் பதிவு செய்து வைத்திருந்தார். டேப் பரவலாவதற்கு முந்திய முறை அது. ஐம்பது வருஷத்தில் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, இழுபட்டு, பாட்டு வேகம் ஏறி இறங்கிக் குளறியது. கணிதத்தின் துணையோடு கணினியில் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து வெளியிட்டார்கள். 2008-ல் அந்த ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது.

பிறகு ஒலி எண்களாக மாற்றப்படுகிறது. ஒலி அலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எழுதிக்கொள்வதுதான் டிஜிட்டல் பதிவு. சிடியில் அது நொடிக்கு 44,100 முறை. ஸ்டுடியோவில் 96,000 முறை அளப்பதும் சாதாரணம். ‘எண் பெரிதாக இருந்தால் பாட்டு அவ்வளவுக்கு நன்றாக இருக்கும்’ என்று நினைப்பவர்கள் நிறைய. டேப்பில் இல்லாத ஒன்றை எத்தனை தடவை அளந்தாலும் அது வராது.

இரைச்சலைப் போக்குவது இதற்கு அடுத்து. பாட்டு தொடங்குமுன் இருக்கும் வெறும் ‘ஸ்ஸ்’ ஒலியைக் கணினிக்கு மாதிரியாகக் காட்டி, இதைப் போன்றதை எல்லா இடத்திலும் குறை என்று சொல்லலாம். இங்கேதான் கை நடுங்க வேண்டும். மீட்டிய கம்பி மெல்ல அடங்கும்போது வரும் கடைசி ஒலி, பாடுமுன் இழுக்கும் மூச்சு, கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலி எல்லாம் அந்த ‘ஸ்ஸ்’ இருக்கிற அதே உயரத்தில்தான் இருக்கின்றன. அதிகம் தேய்த்தால் அவையும் போய்விடும்; மிஞ்சுவது தண்ணீருக்கடியில் பாடுவது மாதிரி ஒரு குரல். கொலுசை ஓயாமல் தேய்த்தால் அழுக்கோடு சேர்ந்து பூ வேலையும் அழிந்து போகிறதே, அதேதான். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்த ரீமாஸ்டரைத்தான் நான் நம்புகிறேன்.

அதன் பிறகு ‘ஈக்யூ’, அதாவது கனத்த, நடுத்தர, கூர்மையான ஒலிகளின் விகிதத்தைத் திருத்துவது. சாம்பாரில் புளியையும் உப்பையும் சரிபார்ப்பது போன்ற வேலை என்பதால் சுருக்கமாக விட்டுவிடுகிறேன்.

இதுவரை வந்தது: சரியான டேப்பைத் தேடு, கெடாமல் ஓட்டு, ஒழுங்காக அளந்து எண்ணாக்கு, அளவோடு துடை, விகிதம் பார். இனி வருவதுதான் ரீமாஸ்டருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

மலையைச் சீவி ஊரை உயர்த்துவது

சேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் அதை மலை என்கிறோம். பாட்டிலும் மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. அதற்கு ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று பெயர்.

இப்போது வானத்தில் ஒரு கண்ணாடிக் கூரை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஒலிக்கு அப்படி ஒரு கூரை உண்மையிலேயே உண்டு. எழுதக்கூடிய மிகப்பெரிய எண் அது. அதற்கு மேல் போகும் அலை தட்டையாக வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பாட்டு முழுவதையும் உரக்கக் கேட்கவைக்க வேண்டும் என்று தரையோடு எல்லாவற்றையும் தூக்கினால் மலை உச்சி கூரையில் இடிக்கிறது. என்ன செய்வது? மலையைச் சீவு, பிறகு தூக்கு. உரத்த இடங்களைத் தானாகத் தணிக்கும் இந்த வேலைக்குக் ‘கம்ப்ரஷன்’ என்று பெயர். கூரையைத் தாண்டவே விடாமல் உச்சியை அமுக்கும் அதன் கடுமையான வடிவம் ‘லிமிட்டர்’.

கம்ப்ரஷன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனில் ‘பிங்க் மூன்’ கேட்டுப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள், மெல்லிய இடம் அத்தனையையும் எஞ்சின் சத்தம் விழுங்கியிருக்கும். கொஞ்சம் அமுக்கியிருந்தால் கேட்கும். அளவோடு செய்தால் பாட்டுக்கு ஒரு கட்டுக்கோப்பும் வரும்.

கெட்டது எது என்றால், உரப்புக்காகவே அமுக்குவது. நம் காதுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒலி குறைவாக இருக்கும்போது பாஸும், மிகக் கூர்மையான ஒலிகளும் காதில் சரியாக விழாது. ஒலி கூடும்போது அவையும் சேர்ந்து எழும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவதைத் துளி உரக்க வைத்தால், ‘ரெண்டாவதுதான் தெளிவு’ என்று பெரும்பாலும் சொல்லிவிடுவோம். கம்பெனிகளுக்கு இது தெரியும். தொண்ணூறுகளிலும் 2000-களிலும் ஒருவரை மிஞ்சி ஒருவர் சிடிகளை உரக்கச் செய்துகொண்டே போனார்கள். அதற்கு ‘உரப்புப் போர்’ என்றே பெயர் வந்தது. பழைய ஆல்பங்களின் மறுவெளியீடுகளும் அதில் சிக்கின.

வேறொரு பழைய ஃபோக் பாடகரின் ரீமாஸ்டர் தொகுப்பு ஒன்றை நான் பெங்களூரில் வாங்கினேன். போட்டதும் அசந்துபோனேன். எல்லாம் முன்னால் வந்து நின்றது, பளிச்சென்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிறகு அதே ஆல்பத்தின் பழைய பதிப்பை வால்யூமை ஏற்றிச் சமமாக வைத்துக் கேட்டபோது விளங்கியது. பழையதில் அவர் குரலைத் தாழ்த்தும்போது நாம் முன்னால் சாய்ந்து கேட்போம். புதியதில் அவர் தாழ்ந்ததே கிடையாது. கிசுகிசுப்பும் கூவலும் ஒரே உயரம். மலையைச் சீவிச் சேலத்தோடு சமமாக்கியிருந்தார்கள். காசு கொடுத்து நான் வாங்கியது வால்யூம் கூட்டிய சிடியைத்தான் என்று தெரிந்தபோது மனசு விட்டுப்போனது.

ஒலி அளவை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள்; சிடியில் சுமார் 96 டெசிபல் வித்தியாசத்துக்கு இடமிருக்கிறது. கேசட்டில் அதில் பாதியை ஒட்டித்தான். அவ்வளவு விசாலமான வீட்டை வாங்கிக் கொடுத்து, எல்லோரையும் மாடிப்படியில் உட்காரவைத்த கதை.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலாம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை அளவுக்கு மீறி உரக்கச் செய்த பாட்டின் ஒலியைத் தாமே குறைத்துவிடுகின்றன. சீவிய மலைக்குக் கிடைத்த லாபம் போய், சீவியது மட்டும் மிச்சமாகிறது.

சுருக்கம்: உரக்க இருப்பதும் நன்றாக இருப்பதும் வேறு வேறு. காது முதல் பார்வையில் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது.

செயற்கை நுண்ணறிவு இதில் எங்கே?

மருமகன் அடுத்துக் கேட்டது இது. ஏற்கெனவே கலந்துவிட்ட பதிவிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் பிரித்தெடுக்க இப்போது மென்பொருள் இருக்கிறது. ஜான் லெனன் கேசட்டில் பியானோவோடு பாடிவைத்திருந்த ஒரு பாட்டிலிருந்து அவர் குரலை மட்டும் இப்படிப் பிரித்துத்தான் 2023-ல் அவர் இருந்த பீட்டில்ஸ் குழுவின் பெயரில் வெளியிட்டார்கள். பற்றவைத்த கொலுசைத் திரும்பக் கண்ணி கண்ணியாகக் கழற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம். பிரமிக்க வைக்கிற வேலைதான். ஆனால் அது ரீமாஸ்டர் ஆகாது, ரீமிக்ஸுக்கு வழி திறப்பது. இல்லாத ஒலியை ஊகித்து நிரப்பும் மென்பொருளும் உண்டு. அதில் வருவது பாடகரின் மூச்சா, கணினியின் ஊகமா என்று உறையில் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க

உங்களுக்குப் பிடித்த பழைய ஆல்பம் ஒன்றின் இரண்டு பதிப்புகளை எடுங்கள். தமிழ் நாட்டுப்புறப் பாட்டானாலும் சரி, தெம்மாங்கோ ஒப்பாரியோ எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒரே ஸ்பீக்கர், ஒரே அறை. முதலில் வால்யூமைச் சமன் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் வீண். கண் அளவில் சமன் செய்யக் கூடாது. பாடகர் ஒரே வரியைப் பாடும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டுக் காதால் பொருத்துங்கள், அல்லது போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பல்லவியைக் கவனிக்காதீர்கள், அது எதிலும் நன்றாகத்தான் இருக்கும். பாட்டு முடிந்து கடைசிக் கம்பி அடங்குகிற இடத்தைக் கேளுங்கள். ஒலி இயல்பாகத் தேய்ந்து அமைதிக்குள் போகிறதா, சட்டென்று கத்தரித்த மாதிரி நிற்கிறதா? வரிகளுக்கு நடுவில் மூச்சு இருக்கிறதா? உறுமியோ பறையோ அடிக்கும்போது அந்த முதல் ‘தட்’ தோலில் விழுவதாகத் தெரிகிறதா, மெத்தையில் விழுவதாகத் தெரிகிறதா? அரை மணி நேரம் கேட்டபின் இன்னும் கேட்கத் தோன்றுகிறதா? உறையில் யார் ரீமாஸ்டர் செய்தது, எந்த டேப்பிலிருந்து என்று எழுதியிருந்தால் அதையும் படியுங்கள். மூல டேப்பைப் பற்றி வாயே திறக்காத உறையிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

அன்று ராத்திரி நானும் மருமகனும் இதைச் செய்து பார்த்தோம். அலமாரியின் அடியிலிருந்து ஹாஸ்டல் கேசட்டை எடுத்தேன். டெக் இன்னும் ஓடுகிறது. ஒரு பக்கம் ‘பிங்க் மூன்’ கேசட், இன்னொரு பக்கம் 2000-ல் வந்த சிடி. வால்யூமைப் பொருத்தவே பத்து நிமிஷம் ஆனது. கேசட்டின் மழையைக் கேட்டு, “இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு மாமா” என்றான். இருக்கத்தான் செய்கிறது. அதற்கப்புறம் சிடியை ஆரம்பத்திலிருந்து போட்டேன். 1971 அக்டோபரில் இரண்டே ராத்திரிகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் கூட வைத்துக்கொண்டு டிரேக் பதிவு செய்த ஆல்பம் அது. மொத்தமே 28 நிமிஷம். அவன் ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை கேட்டான்.

முடிந்ததும் கேட்டான்: “முதல் பாட்டுல மட்டும் கொஞ்சம் பியானோ வந்துச்சு. அப்புறம் எதுலயும் வரவே இல்லையே மாமா?”

அந்த ஆல்பம் முழுக்க இருக்கும் பியானோ அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஒரு குரலும் ஒரு கித்தாரும். கேசட்டில் அந்தப் பியானோ கித்தாரோடு சேர்ந்து மங்கிக் கிடந்ததால், பல வருஷம் நான் அதைத் தனியாகக் கேட்டதே இல்லை.